நமது நிருபரின் மூன்றாவது திருத்தம்

அவரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் அவர் வீட்டு முன்னறையில் எந்த ஜன்னல் சரியாகச் சாத்தாது என்று எனக்குத் தெரியும். காற்றடித்தால் அது இரண்டு தடவை டக் டக் என்று அடித்துவிட்டு ஓயும். ஜன்னலுக்கு எதிரே அவர் மனைவியின் தையல் மெஷின். நடுவில் சுவரில் ஒரு பலகை, பலகை மேல் போன். பன்னிரண்டு வருடம் அந்தப் போன் வழியாக அந்த அறைக்குப் போய்வந்திருக்கிறேன்.

என் வேலை அப்படி. பத்திரிகையின் தலைமை அலுவலகத்தில், மூன்று பக்கம் கண்ணாடி வைத்த ஒரு கூண்டுக்குள், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மதியம் இரண்டிலிருந்து நாலுக்குள் வெளியூர் நிருபர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் டைப் அடிக்க வேண்டும். நாலு மணிக்கு மேல் வந்தால் உலகமே தலைகீழானாலும் மறுநாள்தான். முகம் பார்க்காத ஆட்கள் என்பதால் எல்லோருக்கும் நானே பெயர் வைத்திருந்தேன். ஒருவர் இருமல். ஒருவர் 'அதாவது'. ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார், அவருக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள்.

இவருக்கு மட்டும் நான் பெயர் வைக்கத் தேவைப்படவில்லை. ஊரே வைத்திருந்தது. வெளியூர்ச் செய்திகளுக்கு மேலே நாங்கள் 'நமது நிருபர்' என்று மட்டும்தான் போடுவோம். ஆள் பெயர் போடும் வழக்கம் இல்லை. இருபத்தாறு வருடமாக அந்த ஊர்ச் செய்தி என்றால் அவர்தான் என்பதால், ஊரில் அவர் பெயரே 'நமது' ஆகிவிட்டது. "நமது வர்றாரு, பார்த்துப் பேசுங்கப்பா" என்பார்களாம். ஒருநாள் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது போனை எடுத்த அவர் மனைவி, இதைச் சொல்லித்தான் அலுத்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் அவங்கவங்க புருஷன். எனக்கு வாய்ச்சது நமது. ஊர்ல யாருக்குப் பல்வலின்னாலும் இவர்தான் போய் நிக்கணும்."

நமதுவின் குரல் ரொம்ப நிதானம். நாலு மணி நெருங்கினாலும் அதே நிதானம்தான். எடுத்தவுடன், "வணக்கம்மா. இங்க எல்லாரும் நலம். அங்க எப்படி?" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

"நலமெல்லாம் அப்புறம் சார். செய்தியைச் சொல்லுங்க."

"கடிதத்தை எடுத்த எடுப்புல 'ரெண்டு பேர் பலி'ன்னா ஆரம்பிப்பாங்க?"

"இது கடிதமா சார்?"

"பின்னே?" என்பார், நான்தான் ஏதோ தெரியாமல் கேட்டுவிட்ட மாதிரி.

ஒருநாள் செய்தி சொல்லி முடித்த பிறகும் லைனில் இருந்தார். பஞ்சாயத்தில் ஏதோ எண்ணிக்கை சரிபார்க்க வேண்டும், ஆள் அனுப்பியிருக்கிறேன், வந்ததும் சொல்கிறேன் என்றார். அந்த நேரத்தில்தான் அவரை வேலைக்கு எடுத்த பழைய ஆசிரியர் சொன்னதைச் சொன்னார். நிருபம் என்றால் கடிதம். நிருபர் என்றால் கடிதம் எழுதுகிறவர். ராஜாக்கள் காலத்தில் மேலிடத்திலிருந்து வரும் ஓலைக்கு அந்தப் பெயர். வெளிதேசத்திலும் அதே கதைதானாம். துறைமுகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு குமாஸ்தா, எந்தக் கப்பல் வந்தது, எந்தக் கரையில் சண்டை, எங்கே மழை பொய்த்தது என்று தூரத்து முதலாளிக்கு எழுதுவான். அந்தக் கடிதங்களை வாங்கி அச்சடித்ததில்தான் பத்திரிகை வளர்ந்தது. அவர்கள் பாஷையில் நிருபருக்குள்ள சொல்லுக்கும், கடிதம் போட்டுப் பதில் வாங்குகிறவர் என்றே பொருளாம்.

"அதனால யாருக்கு எழுதறோம்னு ஒரு முகத்தை நினைச்சுக்கிட்டுத்தான் எழுதணும்னு சொன்னார்மா. ஊருக்கே எழுதறேன்னு நினைச்சா ஒருத்தருக்கும் போய்ச் சேராதாம்."

"நீங்க யாரை நினைச்சு எழுதறீங்க?"

அதற்குள் ஆள் வந்துவிட்டான். எண்ணிக்கை நூற்று நாற்பது என்றார்.

மூன்று மணிக்கு என் கூண்டுக்குள் ஏசி காற்றும் கண்ணாடியில் பட்ட வெயிலும் சேர்ந்து கண்ணைச் சொக்க வைக்கும். விரல் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் அவர் ஊர் என் கூண்டுக்குள் வந்துவிடும். ஆற்றின் மேல் பாதி மறைந்த பாலம். இக்கரையில் மணி அடித்தால் அக்கரையில் கேட்டு நகரும் படகு. நூலகத்தின் முன்னால் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும் சைக்கிள். செய்தியின் கடைசியில் அவர் இதையெல்லாம் ஒன்றிரண்டு வரி சேர்த்துச் சொல்வார். ஆறு இரண்டு படி ஏறியிருக்கிறது, பள்ளிக்கூட மரம் பூத்திருக்கிறது என்பார். செய்தி அல்ல என்பதால் நான் அடித்துவிட்டு அழித்துவிடுவேன். ஆனால் மனசு அழிக்காது போலிருக்கிறது. கனவில் அந்த ஊர்த் தெருக்களில் எனக்கு வழி தெரியும். ஒரு கனவில் அவர் மனைவிக்கு நூல்கண்டு வாங்கிக்கொண்டு, பாலத்தின் மேல் நடந்துகொண்டே இருந்தேன். பாலம் முடியவே இல்லை, எனக்கும் அவசரம் இல்லை. விழித்தபோது விரல் நுனியில் நூல் சுற்றியிருந்த மாதிரி இருந்தது.

செய்தி எடுப்பதோடு திருத்தங்களும் என் பொறுப்பு. தப்பு என்று வாசகர் கடிதம் போட்டால், அதை அந்த நிருபருக்குப் படித்துக் காட்டி, விளக்கம் வாங்கி, தப்பு உண்மை என்றால் நாலாம் பக்கத்தின் அடியில் 'திருத்தம்' போட வேண்டும். நிருபர்களுக்கு இது எட்டிக்காய். இருமல் அந்த நேரம் பார்த்து இன்னும் இருமுவார். 'அதாவது' அதாவது என்று ஆரம்பித்து முடிக்கவே மாட்டார்.

நமதுவின் செய்தியில் தப்பே வராது. ஆனால் நாலு வருடத்துக்கு முன் ஒருநாள், பாலத்துக்கு ஆறு கண் என்று சொல்லிவிட்டார். பத்தாம் நாள் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. தூரத்து நகரத்தின் முத்திரை. விலாசம் இல்லை, பெயர் இல்லை, 'ஒரு வாசகி' என்று மட்டும். "அந்தப் பாலத்துக்கு ஆறு கண் அல்ல, ஏழு. சின்ன வயதில் அதன் அடியில் நின்று கத்தி எதிரொலி எண்ணியவர்களுக்குத் தெரியும். எழுதுகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தது.

படித்துக் காட்டினேன்.

"சார்? இருக்கீங்களா?"

"இன்னொரு தடவை படிங்கம்மா."

படித்தேன்.

"இன்னும் ஒரே ஒரு தடவை."

"சார், நான் என்ன கதை சொல்ற ஆளா? தப்பா, சரியா? அதைச் சொல்லுங்க."

"தப்புதாம்மா. தப்பு என்னுதுதான்" என்றார். தப்பை ஒப்புக்கொள்கிறவர் குரலில் அத்தனை சந்தோஷத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

அதற்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு தப்பு வர ஆரம்பித்தது. எல்லாம் ஒன்றுக்கும் உதவாத தப்புகள். பள்ளிக்கூடத்தில் பித்தளை மணி என்று எழுதினார். மணி கிடையாது, மரத்தில் தொங்குவது தண்டவாளத் துண்டு என்று அதே கையெழுத்தில் கார்டு வந்தது. படகுத்துறைக்குப் பன்னிரண்டு படி என்றார். பதினான்கு, கடைசி இரண்டு தண்ணீருக்குள் இருக்கும் என்று கார்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை, மூன்று முறை படிக்கச் சொல்வார். வயதாகிறது, ஞாபகம் தப்புகிறது என்று நினைத்தேன். பாவம் என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் எங்களுக்குப் புது மேலாளர் வந்தார். வந்த ஜோரில் சுற்றறிக்கை போட்டார். ஒரே வருடத்தில் மூன்று திருத்தம் வாங்கும் நிருபர் நீக்கப்படுவார். அந்த வருடம் ஆறாவது மாதத்திலேயே நமதுவுக்கு இரண்டு ஆகியிருந்தது. சொன்னேன். "கவனமா இருங்க சார். இன்னும் ஒண்ணு வந்தா உங்களை எடுத்துடுவாங்க."

"சரிம்மா" என்றார்.

அடுத்த மாதமே, நூலகத்தின் மேற்கு வாசல் இடிக்கப்படுகிறது என்று செய்தி சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த நூலகத்துக்கு வாசல் கிழக்கே. காலை வெயில் படிப்பவர் மடியில் விழும் என்று அவரே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், நான் எத்தனை தடவை அழித்திருக்கிறேன். வாயைத் திறக்காமல் 'கிழக்கு' என்று மாற்றி அனுப்பிவிட்டேன். மனுஷர் வேலையைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கே என்மேல் ஒரு பெருமை.

சொன்ன செய்தியை அச்சில் திரும்பப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. ஒரு வாரம் கழித்து, "எனக்கு ஏதாவது கார்டு வந்திருக்காம்மா?" என்றார். இல்லை என்றேன். பத்தாம் நாளும் கேட்டார். பதினைந்தாம் நாள் குரலே சரியில்லை.

"தபால்ல எங்கயாவது தவறியிருக்குமா? கொஞ்சம் தேடிப் பாருங்களேன்."

"வராது சார். நீங்க மேற்குன்னு சொன்னதை நான்தான் கிழக்குன்னு திருத்திட்டேன்."

காற்று வந்து ஜன்னல் இரண்டு தடவை அடித்தது. தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏம்மா அப்படிச் செஞ்சீங்க?" என்றார். அழப்போகிறவர் மாதிரி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "சார், வேணும்னேதான் தப்பு பண்றீங்களா?"

"அது எங்க அக்காம்மா" என்றார்.

அன்று மூன்றே காலிலிருந்து நாலு வரை அவர் சொன்னதை நான் டைப் அடிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். மற்ற நிருபர்களின் லைன் சிவப்பு விளக்கு போட்டுப் போட்டு அணைந்தது.

அவர் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். ஊருக்கு வெளியே ஒரு ரயில்வே கேட். அங்கே கேட் கீப்பர், அக்காவின் வீட்டுக்காரர். ஒருநாள் மதியம் இரண்டரைக்கு, திறந்திருந்த கேட்டுக்குள் நுழைந்த ஒரு பால் வண்டியின் பின்பக்கத்தில் ரயில் மோதியது. வண்டி ஓட்டுநருக்குக் கை முறிந்தது. தண்டவாளம் நெடுக ஜல்லியெல்லாம் பால். நமது சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கேட்டுக்கு ஒரு மைல் இருக்கும்போதே மணி மூன்றரை ஆகிவிட்டது. அங்கே ஒரு டீக்கடையில் போன் இருந்தது. கடைக்காரர் சொன்னார், "கேட் ரூம் கதவு சாத்தியிருந்துதாம். உள்ளே தூங்கியிருப்பான், வேற என்ன?" நமது அங்கிருந்தே செய்தியைச் சொல்லிவிட்டார். 'கேட் கீப்பர் தூங்கியதே விபத்துக்குக் காரணம் என்று கூறப்படுகிறது.' பெயர், வயது எல்லாம் சரியாக. சொந்த அத்தான் அல்லவா, வயதெல்லாம் தெரியும்.

"சொந்தக்காரர்னு மூடி மறைச்சுட்டான்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு நினைச்சேம்மா. நேர்மையா இருக்கோம்னு நினைச்சேன்."

"நேர்மையா இருக்க அவ்வளவு மெனக்கெட்டீங்க. இன்னும் ஒரு மைல் சைக்கிள் மிதிக்க மெனக்கெடலையே?" என்றேன். அடக்க முடியவில்லை.

"ஆமாம்மா" என்றார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. மறுநாளே அத்தானுக்கு 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வந்துவிட்டது. அவர் கடைக்குப் போனால் யாராவது கொட்டாவி விடுவார்கள். பிள்ளைகள் தெருவில் அவரைக் கண்டதும் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக் காட்டும். இரண்டு மாதத்தில் விசாரணை முடிந்தது. கேட்டை இறக்கும் சங்கிலி அறுந்திருக்கிறது. கேட் ரூம் போன் முந்தின நாளிலிருந்தே செத்திருக்கிறது. ரயில் வரும் நேரம். மனுஷர் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு, ரயிலுக்கு எதிரே தண்டவாளத்தில் ஓடியிருக்கிறார். அதனால்தான் அறையில் ஆள் இல்லை. அவர் ஓடிய ஓட்டத்தில் ரயில் வேகம் குறைந்து, வண்டி ஓட்டுநர் கை முறிந்ததோடு தப்பித்தார்.

அக்கா அந்த விசாரணைக் காகிதத்தைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு தம்பி வீட்டுக்கு வந்தார். "ஒரு வரி போடுடா தம்பி. தூங்கலைன்னு ஒரே ஒரு வரி."

"பார்க்கிறேன் அக்கா" என்றார் இவர். ஐந்து மாத நிருபர், செய்த முதல் பெரிய செய்தியே தப்பு என்றால் வேலை போய்விடும் என்ற பயம். யாரிடமும் கேட்கவில்லை. இரண்டாவது வாரம் அக்கா வீட்டில் பூட்டுத் தொங்கியது. எங்கே போனார்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் கழித்து, நிஜமாகவே கைதவறி வந்த ஒரு தப்புக்கு, ஒரு போஸ்ட் கார்டு வந்தது.

"கார்டுல இருக்கற முத்திரை பெரிய நகரம்மா. எத்தனை லட்சம் கதவு. எந்தக் கதவைத் தட்டுவேன்? ஆனா பாலத்தடியில என்கூட எதிரொலி எண்ணினது அக்கா ஒருத்திதான், நான் எழுதறதை அவ படிக்கிறான்னு தெரிஞ்சுது. தப்பா எழுதினா அவளுக்குப் பொறுக்காது. சின்ன வயசுலயும் அப்படித்தான், கணக்குல தப்பு போட்டா தலையில குட்டிட்டு, சரியா போட்டுக் காட்டுவா. வருஷத்துக்கு ரெண்டு குட்டு. அது போதும்னு இருந்தேன்."

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை இன்றைக்கும் மறைக்க விரும்பவில்லை. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டு, பாலத்துக்கு எத்தனை கண்ணுன்னு விளையாடிட்டு இருக்கீங்களா? தப்பு தப்பா எழுதி அவங்களை எழுத வைக்கறீங்களே, ஒரு தடவை சரியா எழுதினா என்ன சார்?"

"வாசல் தப்புல வேலை போனா வயசாச்சும்பாங்கம்மா. இதை எழுதினா பேரே போயிடும். நமதுங்கறதைத் தவிர எனக்கு வேற என்ன இருக்கு?"

நான் லைனைக் கட் பண்ணிவிட்டேன்.

மறுநாள் காலை சீக்கிரம் வந்து, பழைய பத்திரிகைகளைக் கட்டி வைத்திருக்கும் அறைக்குப் போனேன். பழைய காகித வாடை, மேலே ஒரே ஒரு பல்பு. இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய கட்டைப் பிரித்தேன். ஒன்பதே வரி. யாரோ என்னைப் போல ஒருத்தி அன்றைக்கு மூன்றரைக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடித்த ஒன்பது வரி. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தருகிறார்கள். அந்த 'கூறப்படுகிறது' என்ற வார்த்தையை நான் ஒரு நாளைக்கு இருபது தடவை அடிக்கிறேன். யார் கூறியது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே என் பக்கம் திரும்பிவிட்டது.

மூன்று நாள் அவரிடமிருந்து போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன். மனைவி எடுத்தார்.

"தண்டவாளத்து மேல நடந்துக்கிட்டிருக்கார். கேட்லேர்ந்து எவ்வளவு தூரம் ஓடினார்னு அடி அடியா அளக்கறாராம். நேத்து அந்தப் பால் வண்டி டிரைவரைத் தேடிப் பிடிச்சிருக்கார். ஸ்டேஷன்ல போய் உட்கார்ந்து விசாரணை காகிதத்துக்கு நகல் வாங்கியிருக்கார். செருப்பு அறுந்து வந்தது, நான்தான் தைச்சுக் கொடுத்தேன்."

நாலாம் நாள் மூன்றேகாலுக்கு அவர் லைன் எரிந்தது. வணக்கம் சொல்லவில்லை, நலம் விசாரிக்கவில்லை.

"திருத்தம். எழுதிக்கோங்கம்மா."

"சார், இது மூணாவது. தெரியும்ல?"

பின்னால் மெஷின் நின்றது. மனைவியின் குரல் கேட்டது. "சொல்லுங்க. என் மெஷின் ஓடற வரைக்கும் நமக்கு என்ன?"

அவர் சொன்னார், நான் அடித்தேன்.

'இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், ரயில்வே கேட்டில் பால் வண்டி மீது ரயில் மோதிய செய்தியில், கேட் கீப்பர் தூங்கியதே காரணம் என்று கூறப்படுகிறது என எழுதியிருந்தேன். ஒரு டீக்கடையில் ஒருவர் அப்படிக் கூறினார். நான் கேட்டுக்குப் போகவில்லை. கேட் கீப்பர் தூங்கவில்லை. கேட் சங்கிலி அறுந்திருந்தது. போன் வேலை செய்யவில்லை. ரயிலை நிறுத்த அவர் சிவப்புக் கொடியுடன் தண்டவாளத்தில் அறுநூற்று இருபது அடி ஓடினார். அவர் ஓடியதால் வண்டி ஓட்டுநர் இன்றும் உயிருடன் இருக்கிறார். விசாரணை அறிக்கை இரண்டே மாதத்தில் இதைச் சொன்னது. அதை நான் எழுதவில்லை. தவறு என்னுடையது.'

எங்கள் பத்திரிகையில் நிருபர் 'நான்' என்று எழுதக் கூடாது. எட்டு இடத்தில் இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். நான் ஒன்றையும் எடுக்கவில்லை. காகிதத்தை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"இருபத்தாறு வருஷத்துக்கு முந்தின திருத்தமா? யாரும்மா கேட்டாங்க இதை?"

"ஒரு வாசகி சார். இருபத்தாறு வருஷமா கேட்டுக்கிட்டிருக்காங்க."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், காகிதத்தை ஒரு தடவை பார்த்தார். "இந்த 'நான்' எல்லாம்..." என்று பேனாவை எடுத்தார்.

"அதை எடுத்தீங்கன்னா, திரும்பவும் யாரோ கூறியதாத்தான் இருக்கும் சார்."

இந்த வாய் எனக்கு எத்தனையோ தடவை திட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறது. அன்று வாங்கிக் கொடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "மூணாவதுன்னு மேலாளருக்கு நீங்களே எழுதிடுங்க" என்றார். எழுதினேன்.

மறுநாள் நாலாம் பக்கத்தில் வந்தது. அன்று காலை வேலையே ஓடவில்லை. அந்த நகரத்துக்கு எங்கள் பத்திரிகை காலை ஆறு மணிக்கெல்லாம் போய்விடும். ஆறிலிருந்து மனசுக்குள் அந்தத் தெரியாத வீட்டின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். யாரோ குனிந்து பத்திரிகையை எடுக்கிறார்கள், ஒவ்வொரு பக்கமாகத் திருப்புகிறார்கள், நாலாம் பக்கம் வருவதற்குள் ஏதோ வேலையாக உள்ளே போய்விடுகிறார்கள். திரும்பத் திரும்ப இதே தோன்றியது. ஒன்றும் வராமலே போகலாம் என்றும் நினைத்தேன். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு பதினைந்து வரி போதும் என்று யார் சொல்ல முடியும்?

மதியம் மூன்றுக்கு ஒரு லைன் எரிந்தது. நிருபர்களின் லைன் அல்ல, பத்திரிகையில் அச்சிட்டிருக்கும் பொது நம்பர். எடுத்தேன். ஒரு பெண் குரல். மூச்சு மாதிரி இருந்தது, ஒன்றும் புரியவில்லை.

"கொஞ்சம் சத்தமா பேசுங்கம்மா. கேக்கலை."

"முடியாதும்மா." அதே கிசுகிசுப்பு. "அவர் தூங்கறார்."

எனக்கு யார் என்று புரிந்துவிட்டது. டைப் அடிக்கும் விரல்கள் சும்மா மேஜையின் மேல் கிடந்தன.

"இருபத்தாறு வருஷமா பகல்ல ஒரு தடவை கண்ணை மூடினதில்லம்மா. காய்ச்சல்னாலும் நாற்காலியில நிமிர்ந்து உட்கார்ந்துதான் இருப்பார். ரிட்டயர் ஆகி ஏழு வருஷம் ஆச்சு, அப்பவும் அப்படித்தான். யாராவது பார்த்துட்டா என்ன நினைப்பாங்கன்னு. காலையில நான்தான் படிச்சுக் காட்டினேன். அப்புறம் அவரே வாங்கி நாலு தடவை படிச்சார். சாப்பிட்டார். இப்ப பேப்பரை நெஞ்சுல வெச்சுக்கிட்டு, ஜன்னல் பக்கம் படுத்து, தூங்கறார். குறட்டை கேக்குதா உங்களுக்கு?"

ரிசீவரை அவர் திருப்பிப் பிடித்திருக்க வேண்டும். கேட்டது. எங்கோ தூரத்தில், யாருக்கும் பயப்படாத ஒரு குறட்டை.

"தம்பிக்கிட்ட சொல்லுங்க. சாயந்தரம் பேசறேன்னு. இப்ப பேசினா எழுந்துடுவார்." நம்பர் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

நமதுவைக் கூப்பிட்டேன். வேலை போன மறுநாளும் அவர் போன் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது. முதல் மணியிலேயே எடுத்தார்.

"அக்கா பேசினாங்க சார். சாயந்தரம் பேசறாங்களாம். இப்ப முடியாதாம், உங்க அத்தான் தூங்கறாராம்."

எதிர்ப்பக்கம் மூச்சை இழுத்து இழுத்து ஒரு ஆண் அழுவது கேட்டது. மெஷின் நின்று, "என்னங்க? என்னங்க?" என்று மனைவி கேட்பதும் கேட்டது. நான் கூண்டுக்குள் ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, அவர் குரலைத் தணித்துக்கொண்டு, தூங்குகிறவர் தன் அறையிலேயே படுத்திருப்பதுபோல, மெல்லக் கேட்டார்.

"இன்னும் தூங்கறாராம்மா?"

"இன்னும் தூங்கறார் சார்" என்றேன் நானும் மெல்ல.